வாரியத்துக்குச் சொந்தமாக ஒரு லினக்ஸ்

டெலிபோன் அக்கா வாரியத்திடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை; பதில் சொல்ல அரை மூச்சு கூட ஆகாது. அந்தக் கேள்விக்காகத் தண்ணீர் வாரியம் ஒரு உயர்மட்டக் குழு போட்டு, அதற்குக் கீழே துணைக்குழுக்கள் போட்டு, விழா எடுத்து, பூச்செண்டு கொடுத்து, கடைசியில் பதிலும் சொன்னது. அந்தப் பதிலைக் கேட்டால் உங்களுக்கு வயிறு எரியும். எரியட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

அக்காவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. வேலை, வாரியத்தின் புகார் அறையில். தண்ணீர் வரவில்லை, சாக்கடை கலந்து வருகிறது, குழாய் வெடித்துத் தெருவே குளமாக நிற்கிறது என்று ஊரிலிருந்து வரும் போனெல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். தலையில் ஹெட்போன். இடது காதில் புகார் சொல்பவர். வலது காதில் கணினியின் குரல். திரையில் இருக்கிற எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள் அது. சளி பிடித்த மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல் படிக்கும். அக்கா அதற்கு வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தாள். தெருவின் பெயரைத் தட்டினால் போதும், அந்தப் பகுதிக்கு அப்போது முறை பார்க்கிற வால்வுக்காரர் யார், அவர் போன் நம்பர் என்ன என்று வாத்தியார் ஓதிவிடுவார். புகார் சொன்னவர் மூச்சு வாங்குவதற்குள் வால்வுக்காரர் லைனில் இருப்பார். வால்வுக்காரர்களின் முறை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும். யார் எங்கே என்பது கணினிக்கு மட்டும்தான் தெரியும்.

வாத்தியார் வருவதற்கு முன்னால் வாரியம் அக்காவை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தது. வேலை ஒன்றும் கிடையாது. போகிறவர் வருகிறவரெல்லாம் ‘பாவம்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காலையில் ஒரு பாவம், சாயங்காலம் ஒரு பாவம். சம்பளம் வாங்கிக்கொண்டு பாவமாக இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். புகார் அறைக்கு வந்த பிறகு யாரும் அவளைப் பாவம் என்று சொல்வதில்லை. “அக்கா, சீக்கிரம் லைன் குடு, உயிர் போகுது” என்று கத்துகிறார்கள். அந்தக் கத்தலுக்காக அக்கா எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் சுற்றறிக்கை வந்தது. வாரியத்துக் கணினிகளில் ஓடுகிற இயங்குதளம் கிழடாகிவிட்டது, அதைச் செய்த கம்பெனி இனிமேல் கவனிக்காது, ஆகவே எல்லோரும் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்துக்கு மாற வேண்டும் என்று. முடிவில் ஒரு குறையும் இல்லை. உலகத்தில் எத்தனையோ பேர் மாறி நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் தவறிப்போய் ஒரு நல்ல முடிவை எடுத்துவிட்டோமே என்று வாரியத்துக்கே உதறல் எடுத்துவிட்டது. உடனே அதைச் சரிக்கட்ட ஒரு குழுவைப் போட்டார்கள்.

லினக்ஸில் ஒரு விஷயம் உண்டு. எஞ்சின் ஒன்றுதான், அதை வைத்து ஆளாளுக்கு வண்டி கட்டி விட்டிருக்கிறார்கள். டெபியன், ஃபெடோரா, உபுண்டு, மின்ட் என்று எண்ணி மாளாது. அந்த வண்டிகளுக்கு டிஸ்ட்ரோ என்று பெயர். எதை எடுத்தாலும் ஓடும். தகவலையெல்லாம் சேர்த்து வைக்கிற சர்வருக்கு ஒன்று, மேஜைக் கணினிக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டாலும் யாரும் கையைப் பிடிக்கப் போவதில்லை. ஒரு வாரத்து வேலை.

குழுவின் தலைவர், அதுவரை குழாய் கொள்முதல் பார்த்துக்கொண்டிருந்தவர். ஊழியர்களையெல்லாம் கூட்டி வைத்து முதல் நாளே மனதைத் திறந்து பேசினார்.

“எனக்குக் கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாது. அதனாலதான் என்னைத் தலைவரா போட்டிருக்காங்க. தெரிஞ்சவங்கன்னா ஏதாவது ஒரு பக்கம் சாய்ஞ்சிடுவாங்க. நான் எந்தப் பக்கமும் சாய மாட்டேன். ஏன்னா எனக்குப் பக்கமே தெரியாது.”

கை தட்டினார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். அக்கா எழுந்து நின்றாள்.

“ஐயா, புதுசா வரப்போறது பேசுமா?”

“நல்ல கேள்வி” என்றார் தலைவர். “இந்த மாதிரி கேள்விங்கதான் வேணும். உக்காருங்க.”

அக்கா உட்கார்ந்தாள். பதில் வரும் என்று காத்திருந்தாள். தேநீர்தான் வந்தது. கூட்டக் குறிப்பில், பணியாளர்கள் தரப்பில் ஆர்வமான கேள்விகள் எழுந்தன என்று எழுதிக்கொண்டார்கள்.

குழுவில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். சர்வர் அறைக்குப் பொறுப்பானவரை எல்லோரும் ‘பழசு’ என்பார்கள். மேஜைக் கணினிகளுக்குப் பொறுப்பானவர் ‘புதுசு’. பழசுக்கு மென்பொருள் என்றால் பல வருஷம் கிடந்து ஊறியதாக இருக்க வேண்டும். தன் சர்வரை எப்போது கடைசியாக நிறுத்தினோம் என்று அவருக்கே நினைவில்லை. அதை ஒரு விருது மாதிரி சொல்லிக்கொள்வார். புதுசுக்குக் காலையில் வெளியானதை மத்தியானத்துக்குள் போட்டாக வேண்டும். அதனால் அவருடைய மடிக்கணினி ஒரு கூட்டத்திலும் திறந்ததில்லை. “இப்பதான் அப்டேட் போட்டேன், ஒரு நிமிஷம்” என்பார். அந்த ஒரு நிமிஷத்தில் கூட்டமே முடிந்துவிடும்.

தலைவருக்கு வேறொரு கவலை. “இதெல்லாம் இலவசம்னு சொல்றீங்க. சரி. நாளைக்கு ஏதாவது கெட்டுப்போச்சுன்னா யாரைக் கூப்பிட்டுத் திட்டறது?”

“யாரையும் திட்ட வேண்டாம் சார், நாமளே சரி பண்ணிக்கலாம்” என்றார் புதுசு.

“நாமளேன்னா யாரு?”

புதுசு மடிக்கணினியைத் திறக்கப் பார்த்தார், அது இன்னும் அப்டேட்டில் இருந்தது.

“டெண்டர் இல்லாம இந்த வாரியத்துக்குள்ள ஒரு ஆணி கூட வந்ததில்ல. டெண்டர் விடுங்க” என்றார் தலைவர்.

இலவசப் பொருளுக்கு டெண்டர் விட்டார்கள். கேட்டால் சிரிப்பு வருகிறது அல்லவா? விட்டார்கள். வந்த உறைகளையெல்லாம் பிரித்தால் எல்லாவற்றிலும் விலை பூஜ்யம். எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு விலை போட்டிருக்கிறார்கள் என்று தலைவர் சந்தேகப்பட்டார். அதைவிடக் குறைவாக யாராவது தருவார்களா என்று பார்க்க மறுடெண்டர் விட்டார்கள். அதற்குள் மழைக்காலம் வந்து, ஊரில் பாதிக் குழாய் உடைந்து, அக்காவுக்கு மூச்சு விட நேரமில்லை. வாத்தியார் ஓதிக்கொண்டே இருந்தார். அக்கா இணைத்துக்கொண்டே இருந்தாள்.

நடுவில் நேரம் கிடைத்தபோது அவள் பழசிடம் போய்க் கேட்டாள். “சார், அது பேசுமான்னு கேட்டிருந்தேனே?”

“அம்மா, பாதுகாப்பு பத்திப் பேசிக்கிட்டிருக்கோம். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்.”

புதுசிடம் போய்க் கேட்டாள். “அக்கா, அதெல்லாம் சூப்பரா பேசும். எது வந்தாலும் பேசும். நீங்க கவலையே படாதீங்க. ஐகான் எல்லாம் வட்டமா வேணுமா, சதுரமா வேணுமா? ஒரு கருத்துக்கணிப்பு எடுத்துக்கிட்டிருக்கேன்.”

“எனக்கு எப்படி இருந்தா என்ன தம்பி?”

“அப்ப ‘கருத்து இல்லை’ன்னு போட்டுக்கறேன்.”

வீட்டில் அக்காவின் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இதைக் கேட்டுவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு சிரித்தார். “எங்க முதலாளி மாதிரிதான். பிரேக் பிடிக்கலன்னு சொன்னா, வண்டிக்குப் புது ஹாரன் வாங்கித் தர்றார்.”

“சிரிக்காதீங்க. வாசல் நாற்காலி இன்னும் அங்கேயேதான் கிடக்கு. வரும்போது போகும்போது கால்ல தட்டுது.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

சண்டை முற்றிப்போனது. பழசுக்கு எது பிடித்ததோ அது புதுசுக்கு ஆகவில்லை. புதுசு எதைச் சொன்னாலும் பழசு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். முன்பு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். கடைசியில் தலைவர் மேஜையைத் தட்டினார். வாரியத்தின் வரலாற்றில் முக்கியமான சொற்பொழிவு என்று அதைப் பிறகு அச்சடித்துக் கூடக் கொடுத்தார்கள்.

“யாரோ வெளியூர்க்காரன் செஞ்சதை நாம எதுக்கு எடுக்கணும்? நாமளே ஒண்ணு செய்வோம். வாரியத்துக்குச் சொந்தமா ஒரு லினக்ஸ். அதுல பாருங்க, மேலதிகாரிக்கு ஒண்ணு, கீழ இருக்கறவனுக்கு ஒண்ணுன்னு நான் பாக்க மாட்டேன். சர்வருக்கு எதுவோ அதுதான் எனக்கும். அதுதான் உங்களுக்கும். இயந்திரங்களுக்குள்ள ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது.”

சொந்தமாகச் செய்வது என்றால் வேறொன்றுமில்லை. ஏற்கெனவே யாரோ பாடுபட்டுச் செய்து வைத்ததை எடுத்து, வேண்டாததைக் கழித்து, தன் பெயரைப் போட்டுக்கொள்வது. எதைக் கழிப்பது என்பதில்தான் வாரியத்தின் மூளை முழுவதும் வேலை செய்தது.

பழசு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். “சர்வர் பாட்டு கேக்குதா? கேக்காது. அப்ப ஒலி எதுக்கு? அடிங்க. சர்வர் பேசுதா? பேசாது. பேசற மென்பொருள் எதுக்கு? அடிங்க. தேவையில்லாதது ஒவ்வொண்ணும் ஒரு ஓட்டை. ஓட்டை வழியாத்தான் திருடன் வருவான்.”

சர்வரைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான், அதை மறுக்க முடியாது. ஆனால் சர்வருக்கு எதுவோ அதுதான் எல்லோருக்கும் என்று தலைவர் சமத்துவம் பேசிவிட்டாரே! சர்வருக்குக் காது கிடையாது, வாய் கிடையாது. ஆகவே வாரியத்தில் ஒரு கணினிக்கும் காதும் வாயும் இருக்கக் கூடாது என்று ஆனது. புதுசு முதலில் முரண்டு பிடித்தார். திரையின் பின்னணிப் படம், ஐகான், நிறம் எல்லாவற்றையும் அவரே முடிவு செய்யலாம் என்றதும் அடங்கிவிட்டார். பழசும் புதுசும் எழுந்து கை குலுக்கிக்கொண்டார்கள். எங்கள் வாத்தியார் செத்தது அந்தக் கை குலுக்கலில்தான்.

பின்னணிப் படத்துக்கு மட்டும் ஒரு துணைக்குழு. பெரிய நீர்த்துளி ஒன்று, அதற்குள்ளே தலைவர் முகம். துளி கீழே விழுகிற மாதிரி இருக்கிறது, தலைவர் விழக் கூடாது என்று ஒருவர் சொன்னார். துளியைத் திருப்பினார்கள். இப்போது தலைவர் தலைகீழாக இருந்தார். பிறகு துளியைத் தனியாகவும் தலைவரைத் தனியாகவும் திருப்பிச் சமாளித்தார்கள்.

பக்கத்து அறைத் தங்கச்சி இதையெல்லாம் அக்காவுக்கு வந்து வந்து சொல்வாள். பில் பகுதியில் இருக்கிற பெண்; வாய் கொஞ்சம் நீளம். ஒலியை எடுத்துவிட்டார்கள் என்று அவள்தான் முதலில் சொன்னாள். உடனே அக்கா ஒரு மனு சொல்லச் சொல்ல, தங்கச்சி எழுதினாள். நான் பார்வை இல்லாதவள், கணினி பேசினால்தான் என்னால் வேலை பார்க்க முடியும், ஆகவே என் மேஜையில் மட்டுமாவது ஒலியை விட்டுவைக்க வேண்டும் என்று. சுற்றி வளைக்காமல் எழுதிய மனு. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கூடப் புரியும்.

பதில் சீக்கிரமே வந்தது. அதுதான் பயமாக இருந்தது. இரண்டு பேர் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடவே ஒரு கடிதம். தங்கச்சி படித்தாள்.

“பார்வைக் குறைபாடு உள்ள ஊழியரின் கோரிக்கை மிகுந்த கனிவோடு பரிசீலிக்கப்பட்டு, அன்னாருக்கு வாரியத்திலேயே மிகப் பெரிய திரை வழங்கப்படுகிறது.”

அக்கா கையை நீட்டித் தடவிப் பார்த்தாள். இரண்டு கையையும் விரித்தால்தான் ஓரம் எட்டியது. மேஜையில் தண்ணீர் டம்ளர் வைக்க இடமில்லை.

“நல்லா தெரியுதாம்மா?” என்று தூக்கி வந்தவர் அன்பாகக் கேட்டார்.

தங்கச்சி கழிப்பறைக்குப் போய்விட்டாள். அங்கே போய்ச் சிரித்தாளா, அழுதாளா என்று கடைசி வரை சொல்லவில்லை. கணவரிடம் சொன்னபோது, “வீட்டுக்குக் கொண்டு வந்திடு, துணி காயப் போடலாம்” என்றார். சொல்லிவிட்டு வேகமாக எழுந்து போய்த் தட்டைக் கழுவினார். அவ்வளவு நேரம் யாரும் ஒரு தட்டைக் கழுவ மாட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்காவின் கணினியில் வாரியத்தின் லினக்ஸை ஏற்றினார்கள். மறுநாள் காலையில் அக்கா வந்து உட்கார்ந்து ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். விசையைத் தட்டினாள். வலது காதில் ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள். கிணற்றுக்குள் கல் போட்டுவிட்டு, சத்தம் வருமா வருமா என்று காத்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அத்தனை வருஷம் தொணதொணவென்று படித்துக்கொண்டே இருந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்.

புதுசு அந்தப் பக்கமாகப் போனார். அக்கா அவர் காலடியை அடையாளம் கண்டு கூப்பிட்டாள்.

“தம்பி, பேசும்னு சொன்னியே!”

“அக்கா... அது வந்து... அடுத்த வெளியீட்டுல கண்டிப்பா போட்டுடலாம்.”

“அது எப்போ?”

“இதுவே இன்னும் வெளியாகல அக்கா. இன்னிக்குத்தான் விழா.” கொஞ்சம் தயங்கினார். பிறகு, அடக்க முடியாமல், “வால்பேப்பர் எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டார்.

அக்கா மறுபடி விசையைத் தட்டினாள்.

எல்லோரும் விழாவுக்கு வந்தாக வேண்டும் என்று உத்தரவு. பொறியாளர், எழுத்தர், வால்வுக்காரர் ஒருவரும் பாக்கியில்லை. பூச்செண்டு கொடுக்கத் தங்கச்சியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். புகார் அறையில் அக்கா மட்டும்தான். போனை எடுக்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா! போனை எடுத்து என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

போன் அடித்தது. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ். பேச்சிலேயே ஓட்டம் இருந்தது.

“அக்கா, எங்களுக்குத் தண்ணி நின்னு போச்சு! மேல் தொட்டி காலி. உள்ள ரெண்டு பேருக்கு ஆபரேஷன் நடக்குது. டாக்டருக்குக் கை கழுவத் தண்ணி இல்லக்கா. சீக்கிரம் லைன் குடுங்க!”

அக்காவின் விரல்கள் பழக்கத்தில் தெருப் பெயரைத் தட்டிவிட்டன. பெரிய திரையில் வால்வுக்காரரின் பெயரும் நம்பரும் பளிச்சென்று வந்து நின்றிருக்கும். கண் உள்ளவர்கள் தெருக்கோடியிலிருந்து கூடப் படிக்கலாம். அறையில் கண் உள்ளவர்கள் யாரும் இல்லை. மனப்பாடமாக இருந்த இரண்டு மூன்று நம்பர்களுக்கு அடித்துப் பார்த்தாள். விழாவில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்று அதற்கும் உத்தரவு.

“அம்மா, வெச்சிடு. நானே போய்ச் சொல்றேன்” என்றாள். கைத்தடியை எடுத்தாள். தாழ்வாரத்தில் சுவரைத் தொட்டுக்கொண்டு ஓடினாள். ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும், கண் தெரியாதவர்கள் ஓடினால் இப்படித்தான் இருக்கும். வாசல் நாற்காலி முழங்காலில் இடித்தது. அதைத் தடியால் ஒரு அடி அடித்துவிட்டுப் போனாள்.

அரங்கத்தில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். “...இனிமே பொதுமக்கள் ஒரு புகார் சொன்னா, அது காத்துல போகாது. நேரா நம்ம லினக்ஸுக்குள்ள போகும்...” வாசலில் நின்ற பணியாள் அக்காவைப் பார்த்துவிட்டு, இவளை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார். யாரோ ஒரு மைக்கைக் கையில் திணித்தார்கள்.

“பிரசவ ஆஸ்பத்திரியில தண்ணி இல்ல” என்றாள் அக்கா. மூச்சு இரைத்தது. “ஆபரேஷன் நடக்குது. டாக்டருக்குக் கை கழுவத் தண்ணி இல்ல. அந்தப் பகுதிக்கு இன்னிக்கு யார் முறைன்னு எனக்குத் தெரியாது. என் கம்ப்யூட்டரோட வாயை இவங்க பிடுங்கிட்டாங்க. யார் முறையோ எழுந்து ஓடுங்க! உக்காந்திருக்காதீங்க!”

தலைவர் ஒரு நொடி திகைத்தார். பிறகு அவர் குரல் கனிந்தது.

“அற்புதம்! புகார் எப்படி வரும்னு நேர்ல நடிச்சே காட்டிட்டாங்க பாருங்க. பாவம், கண்ணு தெரியாத பொண்ணு. அவங்களே இவ்வளவு சுலபமா பயன்படுத்தறாங்கன்னா, மத்தவங்களைக் கேக்கவே வேண்டாம்!”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். தங்கச்சி அழுதுகொண்டே கையிலிருந்த பூச்செண்டை அக்காவிடம் கொடுத்துவிட்டாள். அது யாருக்கோ வாங்கியது. அந்த இரைச்சலுக்கு நடுவில், கடைசி வரிசையில் ஒரு நாற்காலி தடாலென்று விழுந்ததும், செருப்புக் கால்கள் படியிறங்கி ஓடியதும் அக்காவுக்கு மட்டும் கேட்டது.

அவள் புகார் அறைக்குத் திரும்பிக் காத்திருந்தாள். வேறு என்ன செய்ய முடியும்? பூச்செண்டைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் கூப்பிட்டாள். தண்ணீர் வந்துவிட்டதாம். ஒரு குழந்தை பிறந்து குளித்தும் விட்டதாம். அக்கா போனை வைத்துவிட்டு மேஜை மேல் தலையைச் சாய்க்கப் பார்த்தாள். சாய்க்க இடமில்லை, திரை இருந்தது.

அடுத்த வாரம், தங்கச்சி ஓடி ஓடி வந்து திரையைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, குழுவின் இறுதி அறிக்கை வந்தது. முதல் பக்கத்திலேயே ஆஸ்பத்திரிக் கதை. வாரியத்தின் லினக்ஸ் தன் முதல் புகாரை விழா மேடையிலேயே தீர்த்து வைத்துச் சாதனை படைத்ததாம். தங்கச்சி பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். கடைசிப் பக்கத்தில் பயனாளிகள் கேட்ட கேள்விகளும் பதில்களும் இருந்தன. அங்கே வந்ததும் அவள் நிறுத்திவிட்டாள்.

“படிடீ.”

“வேணாங்க்கா.”

“படி.”

“‘புதிய இயங்குதளம் பேசுமா? பேசும். ஒலி வசதி புகார் அறையில் நிறுவப்பட்டுள்ளது. எண்ணிக்கை: ஒன்று.’ கீழ தலைவர் கையெழுத்து.” தங்கச்சி அறிக்கையை மூடினாள். “உன்னைத்தான்கா சொல்றாங்க.”

வாசலில் உட்கார வைத்தபோது கூட அக்காவை மனுஷி என்றுதான் கணக்கில் வைத்திருந்தார்கள். பாவம் என்று சொல்லவாவது ஒரு மனுஷி வேண்டும். இப்போது அதுவும் போனது. கோபம் காலிலிருந்து மேலே ஏறி வந்தது, இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்டோர் கீப்பர் வந்தார். வாரியத்தின் ஒவ்வொரு மேஜைக்கும் மின்விசிறிக்கும் நம்பர் ஒட்டுகிறவர் அவர். நல்ல மனிதர், சொன்னதைச் செய்கிறவர்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒலி வசதிக்குன்னு ஒரு ஸ்டிக்கர் வந்திருக்கு. இதை எங்க ஒட்டறதுன்னு தெரியல.”

“கொண்டு போய் உங்க தலைவர் வாயில ஒட்டுங்க.”

ஸ்டோர் கீப்பர் ஸ்டிக்கரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதை அவர் வேறு எங்கும் ஒட்டவில்லை.

போன் அடித்தது. யாரோ ஒரு அம்மாள், மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை என்று அழுதாள். அக்காவின் கை விசைப்பலகைப் பக்கம் போகவில்லை. அதற்குப் பக்கத்தில் அவளுடைய பழைய டெலிபோன் பெட்டி இருந்தது. அதை இயக்க லினக்ஸ் வேண்டாம், கண் வேண்டாம், விரல் போதும். மேல் வரிசையில் முதல் பட்டன் தலைவர் அறை.

“அம்மா, அழாதீங்க. தலைவரே உங்ககிட்ட பேசுவார்” என்று சொல்லி அதை அழுத்தினாள்.

அடுத்ததையும் அங்கேயே கொடுத்தாள். அதற்கடுத்ததையும். சாக்கடை கலந்த தண்ணீர், உடைந்த மீட்டர், காற்று மட்டும் வருகிற குழாய், குடம் வைத்துச் சண்டை போடுகிற தெரு எல்லாம் வரிசையாகத் தலைவர் அறைக்குப் போயின. அவர் எடுத்து வைப்பார், மறுபடி அடிக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே தாழ்வாரத்தில் தடதடவென்று சத்தம் கேட்டது. தலைவரே வந்து நின்றார்.

“யாரு இந்த போனையெல்லாம் எனக்குத் தர்றது?”

“லினக்ஸ்தாங்க ஐயா.”

“என்னம்மா விளையாடறியா?”

“நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க, நான்தான் அதோட சத்தம்னு. ஊர்ல சத்தம் வந்தா நான் சத்தம் போடறேன். நேரா உங்க காதுல போடறேன்.”

“உன்னை மறுபடியும் வாசல்ல உக்கார வெச்சிடுவேன், தெரியுமா?”

“வெச்சிடுங்க. அப்ப உங்க லினக்ஸுக்கு வாய் போயிடும். அறிக்கையை மாத்தணும். குழுவைக் கூட்டணும்.”

குழு என்றதும் தலைவர் தணிந்தார். அவருக்கும் அந்தக் குழுவைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சரிம்மா. இதை நிறுத்தறதுக்கு நான் இப்ப என்ன செய்யணும்? சொல்லு.”

“பெருசா ஒண்ணுமில்லங்க ஐயா. மொத நாள் கூட்டத்துல உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன். நல்ல கேள்வின்னு சொன்னீங்க. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க, போதும்.”

தலைவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவர் விரலால் மேஜையைத் தட்டுவது அக்காவுக்குக் கேட்டது.

“என்ன கேள்வி அது?” என்றார்.

போன் அடித்தது. அக்கா எடுத்தாள். ஒரு வயதானவர், குழாயில் புழு வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம் அப்பா, வெச்சிடாதீங்க” என்று சொல்லி, அக்கா ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றி, குரல் வந்த திசையில் தலைவர் தலையைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் இரண்டு காதிலும் நன்றாக அழுத்தி மாட்டிவிட்டாள்.